கோடக் ஈஸ்ட்மேன்: பேங்க் கிளார்க்காக இருந்து வந்தவர்

நம் குடியிருப்பில் நாற்பதைத் தாண்டியவர்கள் வீட்டில் கட்டாயம் ஒரு பழைய ஆல்பம் இருக்கும். 36 படம் எடுக்கும் ரோல், அதைக் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்கள், பிரிண்ட் கைக்கு வந்ததும் குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்த்தது எல்லாம் நினைவிருக்கும். அந்த ரோல்களில் பெரும்பாலானவை மஞ்சள் டப்பாவில் வந்த கோடக் ரோல்கள். கம்பெனியைத் தொடங்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மேன் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. 14 வயதில் பள்ளியை விட்டவர். பிறகு ஏழு வருடம் ஒரு சேமிப்பு வங்கியில் கிளார்க்காக இருந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் லெட்ஜரோடு மல்லுக்கட்டிய எனக்கு இந்த ஒரு விவரமே போதுமானதாக இருந்தது, அவரைப் பற்றித் தேடிப் படிக்க.

1854 ஜூலை 12-ல் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய அப்பா ராச்செஸ்டர் நகரில் ஒரு வணிகக் கல்லூரி நடத்தினார். கணக்கு எழுதுவதும் நல்ல கையெழுத்தும் சொல்லித்தரும் இடம், நம் பாஷையில் காமர்ஸ் இன்ஸ்டிட்யூட். 1862-ல் அப்பா இறந்துவிட்டார். அம்மா மரியா வீட்டில் வாடகைக்கு ஆட்களை வைத்து, அவர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். இரண்டு அக்காக்களில் ஒருவர் போலியோவால் பாதிக்கப்பட்டு 1870-ல் இறந்தார்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எடுபிடி வேலை, வாரம் 3 டாலர். அந்தச் சம்பளத்திலேயே வரவு செலவை நோட்டில் எழுதி வைத்த பையன் அவர். 1874-ல் ராச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் ஜூனியர் கிளார்க் ஆனார். வாரம் சுமார் 15 டாலர் கிடைத்தது. அம்மாவின் சுமை குறைந்தது.

1877-ல் வெளியூர்ப் பயணம் ஒன்றுக்குத் திட்டமிட்டார். போகிற இடத்தைப் படம் எடுத்து வரலாமே என்று யாரோ சொல்ல, ஏறத்தாழ 50 டாலருக்குக் கேமராவும் சாமான்களும் வாங்கினார். அன்றைய போட்டோ பிடிப்பு என்பது ஒரு கல்யாணச் சமையல் மாதிரி. கண்ணாடித் தகட்டில் பசை போன்ற ரசாயனத்தைப் பூச வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவவும் வேண்டும். அதற்காகக் கூடாரம், ரசாயன பாட்டில்கள், தண்ணீர்க் குடம் எல்லாம் கூடவே சுமக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளவே 5 டாலர் ஃபீஸ். கடைசியில் பயணம் போகவில்லை. கேமராவை மட்டும் விடவில்லை.

ஜெலட்டினில் தோய்த்துக் காயவைத்த தகட்டையும் பயன்படுத்தலாம் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகளில் படித்தார். பகலில் வங்கி, இரவில் அம்மாவின் அடுப்பங்கரையில் ஜெலட்டின் காய்ச்சுவது என்று ஆகிவிட்டது. பல இரவுகள் அடுப்புப் பக்கத்திலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்துவிடுவாராம். தகடுகளுக்குப் பூச்சுப் போட ஒரு மெஷினை உருவாக்கி, 1879-ல் லண்டனில் காப்புரிமை வாங்கினார், அடுத்த வருடம் அமெரிக்காவிலும். 1880-ல் ஒரு கட்டடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்துத் தகடு தயாரித்து விற்க ஆரம்பித்தார். அம்மாவிடம் குடியிருந்த ஹென்றி ஸ்ட்ராங் முதல் போட்டார். குதிரைவண்டிச் சாட்டை தயாரித்து விற்றவர் அவர். இத்தனைக்கும் ஈஸ்ட்மேன் வங்கி வேலையை விடவில்லை. 1881-ல் அவருக்கு மேலே ஒரு இடம் காலியானது. வர வேண்டிய பிரமோஷன் டைரக்டரின் உறவினர் ஒருவருக்குப் போனது. அந்த செப்டம்பரில் ராஜினாமா செய்தார். இந்த வரியைப் படித்துச் சிரிக்கப் போகும் ரிடையர்டு பேங்க் நண்பர்கள் நம் பிளாக்கிலேயே இருக்கிறார்கள்.

வேலையை விட்டுச் சில மாதங்களில் வந்தது சோதனை. 1882-ல் விற்ற தகடுகளில் படம் சரியாக விழவில்லை என்று புகார்கள் குவிந்தன. கம்பெனிக்கு வயது ஒன்றரைதான். சேமிப்பெல்லாம் அதில்தான். கடைக்காரர்கள் தலையில் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம், அன்றைய வியாபார வழக்கமும் ஏறக்குறைய அதுதான். ஈஸ்ட்மேன் விற்ற தகடுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு நல்லது கொடுப்பதாக அறிவித்தார். ஆனால் கொடுப்பதற்கு அவரிடம் நல்ல தகடு இல்லை! தயாரிப்பை நிறுத்திவிட்டு இரவு பகலாக நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்தும் காரணம் பிடிபடவில்லை. ஸ்ட்ராங்கை அழைத்துக்கொண்டு கப்பலேறி இங்கிலாந்து போய் விசாரித்த பிறகுதான் தெரிந்தது, வாங்கிய ஜெலட்டினில் கோளாறு. வேறு ஜெலட்டினில் தகடு செய்து, சொன்னபடி மாற்றிக் கொடுத்தார். கம்பெனிக் கஜானா ஏறக்குறையக் காலி. பேலன்ஸ் ஷீட்டில் அது நஷ்டக் கணக்கு. என்னைக் கேட்டால், கோடக் என்ற பெயர் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பே கோடக் பிறந்தது அந்த வருடத்தில்தான்.

ஜெலட்டின் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1920களில் அவருடைய சொந்த ஆராய்ச்சிக்கூடமே ரகசியத்தைக் கண்டுபிடித்தது. ஜெலட்டின் மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. மாடு கடுகுச் செடி போன்றவற்றைத் தின்றிருந்தால் அதிலுள்ள கந்தகச் சத்து ஜெலட்டினில் சேர்ந்து, படம் நன்றாக விழுமாம்.

கண்ணாடி கனமானது, உடையக்கூடியது. அதை விட்டுச் சுருளுக்கு மாறினார். 1888-ல் கோடக் கேமரா வந்தது. அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான கில்போர்ன் தொடங்குகிற எழுத்து அவருக்குப் பிடித்தமானது, அவ்வளவுதான். விலை 25 டாலர், உள்ளே 100 படத்துக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவோடு அப்படியே ராச்செஸ்டருக்குப் பார்சல் அனுப்பினால், 10 டாலருக்குப் படங்களைக் கழுவி, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு படத்துக்கு 10 சென்ட். ரசாயனம், கூடாரம், குடம் எல்லாம் ஆலையின் தலைவலி. வாங்கியவருக்குப் பொத்தானை அமுக்குகிற வேலை மட்டும். ஆனாலும் 25 டாலர் என்பது பழைய கிளார்க் ஈஸ்ட்மேனின் ஒன்றரை வாரச் சம்பளத்துக்கும் மேல். 1900-ல் பிரவுனி கேமராவை 1 டாலருக்குக் கொடுத்தார், ஃபிலிம் 15 சென்ட். முதல் வருடமே 1 லட்சத்துக்கு மேல் விற்றது. பிள்ளைகளும் படம் எடுத்தார்கள்.

பற்றுப் பக்கத்தையும் எழுத வேண்டும். ஒளி ஊடுருவும் ஃபிலிமுக்கு ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார் 1887-லேயே விண்ணப்பம் போட்டிருந்தார். ஈஸ்ட்மேனின் வேதியியலாளர் ரைக்கன்பாக் 1889-ல் விண்ணப்பித்து அதே வருடம் காப்புரிமை வாங்கிவிட்டார். குட்வினுக்குக் கிடைத்தது 1898-ல். இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோனார். வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 1914-ல் குட்வினின் உரிமையை வாங்கியிருந்த கம்பெனிக்குக் கோடக் 50 லட்சம் டாலர் கட்டியது. வாடிக்கையாளரிடம் அத்தனை நேர்மையாக இருந்தவர் போட்டியாளரிடம் அப்படி இருந்தார் என்று சொல்ல முடியாது. சின்னக் கம்பெனிகளை வாங்கி வளைத்துப் போட்டதால், 1915-ல் நீதிமன்றமே கோடக்கைச் சட்டவிரோத ஏகபோகம் என்றது.

சேர்த்த பணத்தைக் கொடுத்த விதம் இன்னொரு அதிசயம். 1912-ல் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்துக்கு ஸ்மித் என்ற பொய்ப்பெயரில் 25 லட்சம் டாலர் கொடுத்தார். யார் அந்த ஸ்மித் என்று நாடே ஊகித்துக்கொண்டிருந்தது. 1920-ல்தான் பெயர் வெளியானது. 1912 முதல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு லாபத்தில் பங்கு. 1919-ல் தன் சொந்தப் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியையே ஊழியர்களுக்கு ஒதுக்கினார். கறுப்பின மாணவர்கள் படித்த டஸ்கெகீ, ஹாம்ப்டன் நிறுவனங்களுக்கும் வாரிக் கொடுத்தார். லண்டன், ரோம் உட்படப் பல நகரங்களில் ஏழைக் குழந்தைகளுக்குப் பல் மருத்துவமனைகள் கட்டினார். வாழ்நாள் நன்கொடை 10 கோடி டாலருக்கு மேல்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1907-ல் அம்மா இறந்தபோது நிலைகுலைந்துபோனார் என்கிறார்கள். அம்மாவின் கடைசி இரண்டு வருடம் சக்கர நாற்காலியில் கழிந்தது. வயதான காலத்தில் அவருக்கும் முதுகெலும்பு நோய் வந்து நடையே சிரமமானது. அதே முடிவு தனக்கும் என்று பயந்திருக்கலாம். 1932 மார்ச் 14 அன்று, 77 வயதில், உயிலில் சில மாற்றங்களைச் சாட்சிகள் முன் கையெழுத்திட்டு அவர்களை அனுப்பிவிட்டு, நண்பர்களுக்கு ஒரு சிறு குறிப்பும் எழுதி வைத்துவிட்டுத் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அஸ்தியை அவருடைய ராச்செஸ்டர் ஆலை வளாகத்திலேயே புதைத்தார்கள். தனி ஆளாக வாழ்ந்த அவருடைய பெரிய வீடு, 1949 முதல் புகைப்பட அருங்காட்சியகமாக இருக்கிறது.