ஏழு பாலைக்கு இசை தேடிய அடிகளார்

திருவக்கரைப் பெருமான்மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் அமைந்துள்ளது. அதன் பண் பஞ்சமம் என்று திருமுறைப் பதிப்புகள் குறிக்கின்றன. ஓதுவார் மரபிலோ பஞ்சமப் பண் ஆகிரி இராகத்தில் பாடப்பெறுகிறது. ஏட்டில் ஒரு பெயர். நாவில் வேறொரு பெயர். கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் மண்ணிற் புதைந்து கிடக்கும் கல்மரங்களில் மரத்தின் வரியும் கணுவும் மாறாமல் இருக்கின்றன, மரந்தான் இல்லை. பழந்தமிழ் இசையின் பெயர்களும் பல நூற்றாண்டுகள் அந்நிலையிலேயே கிடந்தன. செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்னும் ஏழு பெயர்களையும் வரிசை பிறழாது சொல்லத் தமிழ்ப் புலவர்க்குத் தெரியும். அவற்றுள் ஒன்றையேனும் பாடிக் காட்டுவார் அரியர். பெயரிலிருந்து ஒலிக்குத் திரும்பும் வழியைத் தேடித் தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டவர் விபுலாநந்த அடிகளார்.

இலங்கையின் கீழ்க்கரையில் மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் 1892-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் அரும்பதவுரையுடனும் அடியார்க்குநல்லார் உரையுடனும் அச்சிட்டு வெளியிட்டதும் அதே 1892-இல்தான். பின்னாளில் அந்த நூலே தம்மை ஆட்கொள்ளும் என்பதற்கு இளமையில் எந்தக் குறிப்பும் இல்லை. இளைஞர் மயில்வாகனம் நாடியது விஞ்ஞானத்தை. கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, விஞ்ஞானத்தில் தகுதிச் சான்று பெற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.சி. பட்டமும் அடைந்தார். இடையே 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராகவும் இருந்தார். 1922-இல் அனைத்தையும் விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924-இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். இலங்கைக்கு மீண்டு பள்ளிகளை வளர்த்த பணி தனியே எழுதத்தக்கது. இங்கு அதற்கு இடமில்லை.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் சிதம்பரம் வந்தார். அண்ணாமலைநகரும் திருவக்கரையும் அந்நாளில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. தேவாரம் நாள்தோறும் ஒலிக்கும் தில்லை ஒருபுறம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடஞ்சொல்லும் கடமை மறுபுறம். அக்காதையில் யாழாசிரியனின் இலக்கணம் வரும் பகுதியைப் பெரும்பாலான ஆசிரியர்கள் உரையைப் படித்து, பதவுரை கூறி நகர்ந்துவிடுவது வழக்கம். கணிதம் பயின்ற ஒருவரால் அப்படி நகர இயலவில்லை. உரையில் எண்கள் இருந்தன. எண்கள் இருக்குமிடத்தில் விடையும் இருக்க வேண்டும் அன்றோ?

அந்த எண்கள் இவை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் கூறப்படுகின்றன. கூட்டினால் 22. இந்த ஏழு நரம்புகளையும் வட்டத்தில் நிறுத்தி, குரலைக் குரலாகவே கொண்டு தொடங்கினால் செம்பாலை. நரம்புகளை மாற்றாமல் துத்தத்தைக் குரலாகக் கொண்டு தொடங்கினால் படுமலைப்பாலை. கைக்கிளை குரலானால் செவ்வழிப்பாலை. உழை குரலானால் அரும்பாலை. இளி, விளரி, தாரம் ஆகியவற்றிலிருந்து கோடிப்பாலையும் விளரிப்பாலையும் மேற்செம்பாலையும் பிறக்கும். தொடங்கும் இடம் மாறினால் பாலை மாறும். இதுவே முறை, கேட்பதற்கு எளிது.

சிக்கல் அந்த அலகைப் படிக்கும் விதத்தில் உள்ளது. துத்தத்திற்கு 4 அலகு என்றால், குரலிலிருந்து துத்தத்தை அடையும் தொலைவு நான்கா? துத்தத்திலிருந்து கைக்கிளைக்குச் செல்லும் தொலைவு நான்கா? முன்னதாகக் கொண்டால் செம்பாலை இன்றைய அரிகாம்போதி ஆகும். பின்னதாகக் கொண்டால் அதே செம்பாலை கல்யாணி ஆகிவிடும். ஒன்று நகர்ந்தால் ஏழும் நகரும்; ஏழும் நகர்ந்தால் அவற்றின்வழிப் பிறக்கும் பண்கள் அனைத்தும் வேறு ஒலியாகும். முல்லையும் குறிஞ்சியும் சங்க காலத்தில் எப்படி ஒலித்தன என்பது இந்த ஒரு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடிகளாருக்கு முன்பே இத்துறையில் இறங்கியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1917-இல் அவர் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் ஒரு மலை. 22 அலகு என்பதை மறுத்து 24 என வாதிட்ட அவர், செம்பாலையைச் சங்கராபரணமாகக் கொண்டார். தமிழிசைக்கு வழக்குரைத்த முதல் பெருங்குரல் அவருடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உரையாசிரியர் தந்த எண்ணைத் திருத்திவிட்டு, அவர்கள் கருதிய ஒலியை மீட்க முடியுமா என்ற கேள்வி எஞ்சி நின்றது. அடிகளார் 22-ஐயே ஏற்று, இளிக்கு 3:2, உழைக்கு 4:3 என்னும் விகிதங்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நரம்பின் நீளத்தையும் கணித்தார். செம்பாலை அரிகாம்போதி, படுமலைப்பாலை நடபைரவி, அரும்பாலை சங்கராபரணம், கோடிப்பாலை கரகரப்பிரியா, விளரிப்பாலை தோடி, மேற்செம்பாலை கல்யாணி என்பது பிற்கால ஆய்வாளர் பலரும் ஏற்ற அடையாளம். செவ்வழிப்பாலைக்கு மட்டும் மேளகர்த்தாவில் இணை கிடையாது. அதன் குரலுக்கு நேர் இளி அமையாது; அவ்விடத்தில் இரண்டாம் மத்திமமே வந்து நிற்கும். தஞ்சையில் 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களிலும் பஞ்சமம் அசையாதது. ஆதலால் செவ்வழிக்கு அங்கே இருக்கை இல்லை. தமிழர் கண்ட முறையும் வேங்கடமகியின் முறையும் வேறு வேறு வழியில் பிறந்தவை என்பதற்கு இந்த ஓர் இடமே போதிய சான்று.

இத்தகைய பெயர்க்குழப்பம் தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கிரேக்கர் தோரியம், பிரிசியம், இலிதியம் என ஊர்ப்பெயராலும் இனப்பெயராலும் வழங்கிய இசைமுறைகளை இடைக்கால ஐரோப்பியத் துறவியர் வாங்கிக்கொண்டபோது, பெயர்களை வேறு தொடக்கங்களுக்கு மாற்றிச் சூட்டிவிட்டனர். இன்றும் தோரியம் என்ற சொல் பழைய கிரேக்கர் கருதிய வரிசையைக் குறிப்பதில்லை. அவர்கள் பிழையோடு வாழப் பழகிவிட்டார்கள். அடிகளார் பழக மறுத்தார்.

அவர் கண்ட மற்றொரு நுட்பம் யாழ் வேறு, வீணை வேறு என்பது. இன்றைய வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரு நரம்பு பல சுரம் பேசும். யாழிலோ ஒரு நரம்புக்கு ஓர் ஒலியே. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என உரை கூறும். மெட்டில்லாத கருவியில் பாலை மாற வேண்டுமானால் தொடங்கும் நரம்பை மாற்ற வேண்டும். அல்லது குரல் நின்ற இடத்திலேயே நிற்க, வேறொரு நரம்பை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். அரும்பாலையில் தாரத்தை ஒருபடி தளர்த்தினால் செம்பாலை வரும். செம்பாலையில் கைக்கிளையைத் தளர்த்தினால் கோடிப்பாலை வரும். அதில் விளரியைத் தளர்த்தினால் படுமலைப்பாலை. ஆகப் பாலைகளுக்கு இரண்டு வரிசைகள்: வட்டத்தில் அடுத்தடுத்த நரம்பைப் பற்றிச் செல்வது ஒன்று, ஒரு நரம்பு மட்டும் அசைய, இளியிலிருந்து இளிக்குத் தாவிச் செல்வது மற்றொன்று. முதலாவது ஏட்டுக்கு அழகு. இரண்டாவது விரலுக்கு வசதி. யாழை ஏந்தியவர் எதனைப் பெரிதும் நம்பியிருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆராய்ச்சி ஓரிடத்தில் இருந்து நடந்ததன்று. 1933-இல் அண்ணாமலைநகரை விட்டு நீங்கிய பின் இலங்கைப் பள்ளிகள், இமயப் பயணம், 1939 முதல் 1941 வரை மாயாவதியில் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியப் பணி, 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியப் பதவி என வாழ்க்கை அலைத்துச் சென்றது. கணக்கேடும் உடன் சென்றது. கோனூர் சமீன்தார் சிதம்பரஞ் செட்டியாரின் ஆதரவும் தக்க நேரத்தில் கிட்டியது. பண்களைப் பற்றி விரிவாகப் பேசும் பஞ்சமரபு என்னும் பழநூல் 1970-களில்தான் அச்சேறியது. அது கைக்கு எட்டாத நிலையில் உரைகளின் துண்டுகளையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் வடமொழிச் சங்கீத ரத்நாகரத்தையும் ஒப்பிட்டே அவர் வழி கண்டார். சில இடங்களில் கணக்கு உரையை மீறி ஓடியிருக்கிறது என்று பிற்கால இசையறிஞர் குறை கண்டதுண்டு. பண்களின் தொகையை எண்ணும் பகுதிகள் இசைவாணரைவிடக் கணிதரையே மிகுதியும் மகிழ்விக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவர் பெயர்களைப் பட்டியலிட்டு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் நரம்பில் வைத்துக் கேட்கும்படி செய்தார்.

யாழ்நூல் ஏழு இயல்களாக முடிந்தது. அவற்றுள் பாலைத் திரிபியல் ஏழு பாலைக்கும், தேவாரவியல் சம்பந்தர் முதலியோர் பதிகப் பண்களுக்கும் உரியவை. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை அச்சிட்டது. 1947 ஜூன் 5, 6 ஆகிய நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. வெள்ளம் பெருகிய ஆற்றைச் சம்பந்தர் பதிகம் பாடியே ஓடம் செலுத்திக் கடந்த தலம் அது. அடிகளாரின் உடல்நலம் அப்போது பெரிதும் குன்றியிருந்தது. கணக்கின்படி செய்யப்பெற்ற யாழ்க்கருவிகள் கோயிலுக்குள் எடுத்து வரப்பட்டன. சங்கீதபூஷணம் க.பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டினார். பல நூற்றாண்டுகள் சொல்லாக மட்டும் இருந்தவற்றை அன்று கூடியிருந்தோர் செவியால் கேட்டனர்.

அதன்பின் ஆறு வாரமே அவருக்கு எஞ்சியிருந்தது. அடிகளார் இலங்கை திரும்பி, 1947 ஜூலை 19-ஆம் நாள் கொழும்பில் மறைந்தார். உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அவரே வளர்த்த சிவாநந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சென்னைத் தமிழ் இசைச் சங்கம் ஆண்டுதோறும் கூட்டும் பண் ஆராய்ச்சி 1949-இல் தொடங்கியபோது, ஓதுவார்களும் வித்துவான்களும் பஞ்சமம் போன்ற பண்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடிப் பார்த்தனர்.