நெய்யைக் குறைக்கச் சொன்ன விஞ்ஞானி

எலவனாசூர்கோட்டைக் குடியானவர் ஒருவர் நெஞ்சுவலி என்று டாக்டரிடம் போவதாக வைத்துக்கொள்வோம். நெய்யை விட்டுவிடு, எண்ணெயைக் குறை என்று சொல்லி அனுப்புவார் டாக்டர். நிலக்கடலை பயிரிட்டு, அந்த எண்ணெயிலேயே தாளித்துச் சாப்பிட்ட குடும்பம்! இந்தப் புத்திமதி எங்கிருந்து புறப்பட்டு அந்த ஊர் வரை வந்தது? அதில் பெரும் பங்கு ஓர் அமெரிக்க விஞ்ஞானியைச் சேரும். அவர் பெயர் ஆன்செல் கீஸ்.

1904-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி கொலராடோ மாகாணத்தில் பிறந்தவர் கீஸ். கெட்டிக்காரப் பையன், ஆனால் ஓர் இடத்தில் உட்காரமாட்டான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு மரம் வெட்டும் முகாமிலும் சுரங்கத்திலும் வேலை செய்தான். அரிஜோனாவில் ஒரு குகைக்குள் வௌவால் எச்சத்தை அள்ளினான். பிறகு கப்பலில் கூலியாகச் சேர்ந்து சீனா வரை போய் வந்தான்.

அதன் பின் படித்தாரே, அது ஒரு படிப்பு! பொருளாதாரம், விலங்கியல், கடல் ஆராய்ச்சி, உடலியல் என்று தாவித் தாவி இரண்டு டாக்டர் பட்டம் வாங்கினார். மின்னசோட்டா சர்வகலாசாலையில் அமர்ந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் சிப்பாய்கள் பையில் போட்டுக்கொள்ளும் உணவுப் பொட்டலம் உருவாக உழைத்தார். பட்டினி மனிதனை என்ன செய்யும் என்று அறிய, 1944, 1945-ல் 36 வாலிபர்களை அவர்கள் சம்மதத்தோடு அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார்.

ஆறு புள்ளிகள்

யுத்தம் முடிந்தது. நன்றாகச் சாப்பிடும் அமெரிக்கப் பிரமுகர்கள் மாரடைப்பில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். யுத்தத்தில் உணவு குறைந்த ஐரோப்பிய நாடுகளிலோ அந்தச் சாவு குறைந்திருந்தது. கீஸுக்குப் பொறி தட்டியது. 1953-ல் ஒரு படம் வெளியிட்டார். அடியில் ஜப்பான், உச்சியில் அமெரிக்கா. நடுவே இத்தாலி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா. கொழுப்பு ஏற ஏற இருதயச் சாவும் ஏறுகிறது! ஏணி வைத்தாற்போல் நேர்த்தியான கோடு.

எலவனாசூர்கோட்டையில் 22 மூட்டை கடலை விலைக்கு வருகிறது. ஆறு மூட்டையைப் பிரித்து, கை நிறைய அள்ளி உடைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் திரட்சி என்று வியாபாரி விலை பேசினால்? மற்ற 16 மூட்டையில் பொக்கு இருந்தால் யார் தலையில் விடியும்?

இதையேதான் 1957-ல் யெருஷால்மி, ஹில்லபோ என்ற இருவர் கேட்டார்கள். 22 நாடுகளுக்குக் கணக்கு கிடைக்கிறதே, ஆறு மட்டும் ஏன்? அந்த 22-ல் இலங்கையும் உண்டு, இந்தியா இல்லை. எல்லாவற்றையும் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஏணி கலைந்தது. தொடர்பு அடியோடு மறையவில்லை, தளர்ந்துவிட்டது. கொழுப்பைவிட மாமிசம், பால் ஆகியவற்றில் உள்ள புரதத்துக்கே இருதயச் சாவோடு நெருக்கம் அதிகமாகத் தெரிந்தது.

கீஸ் பொய்க்கணக்கு எழுதினார் என்று பிற்காலத்தில் சிலர் ஏசினார்கள். அது அநியாயம். பல நாடுகளின் சாவுக் கணக்கு அந்நாளில் நம்பத்தக்கதாக இல்லை. ஆனால் எந்தக் கணக்கு நல்லது என்று தீர்மானித்தவரும் அவரேதான். வம்பு அங்கேதான்.

மனிதர் சளைக்கவில்லை. 1958-ல் ஏழு நாடுகளில், 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 12,700 ஆண்களை நேரிலேயே பரிசோதிக்கத் தொடங்கினார். பெண்கள் இல்லை. நாடுகளும் சீட்டுப் போட்டு எடுத்தவை அல்ல. வேலை நடக்கக்கூடிய இடங்கள், ஒத்துழைக்கும் நண்பர்கள் இருந்த இடங்கள். வெண்ணெய் தின்னும் பிரான்ஸ் அதில் சேரவில்லை. ஆனாலும் ஒன்று தெரிந்தது. கிரீட் தீவார் ஆலிவ் எண்ணெயில் மிதந்தார்கள், மாரடைப்போ சொற்பம். ஆகவே குற்றவாளி எல்லாக் கொழுப்பும் அல்ல, வெண்ணெய், மாமிசக் கொழுப்பு போன்ற உறையும் ரகமே என்று கீஸ் தம் அபிப்பிராயத்தைத் திருத்திக்கொண்டார். அதன்படி கடலை எண்ணெய் மீது அவருக்குப் பெரிய பகை இருக்க நியாயமில்லை!

நம் நாட்டு ரயில்வே

1967-ல் ரயில்வே டாக்டர் மல்ஹோத்ரா நம் நாட்டு ரயில்வே ஊழியர்களின் கணக்கை வெளியிட்டார். வடக்கே நெய்யும் பாலும் தாராளம். தெற்கே கொழுப்பு மிகச் சொற்பம். மாரடைப்புச் சாவோ தெற்கில் ஏழு மடங்கு! கீஸின் கோட்டுக்கு நேர் எதிர். அதற்காக நெய்க்குடத்தைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டாம். இதுவும் வேலையில் இருந்த ரயில்வேக்காரர்களின் கணக்குத்தான். நம் நாட்டில் ஏர் பிடித்தவர் அதிலும் இல்லை, கீஸின் ஏழு நாட்டிலும் இல்லை. புத்திமதி மட்டும் அவர் வீட்டு அடுப்படி வரை வந்துவிட்டது.

கீஸ் ஓய்வு பெற்றபின் இத்தாலியில் பியோப்பி என்ற கடலோரக் கிராமத்தில் மனைவி மார்கரெட்டோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். காய்கறி, மீன், ஆலிவ் எண்ணெய் என்று அவ்வூர்ச் சாப்பாடு. 2004 நவம்பர் 20-ந் தேதி, நூறு வயது கடந்து காலமானார். இந்த ஆயுளுக்கு அந்தச் சாப்பாடுதான் காரணமா என்று கேட்டவர்களிடம், இருக்கலாம், ஆனால் நிரூபணம் இல்லை என்று சொல்லியிருந்தார்.