பிலிப்பா ஃபாசெட்

பிலிப்பா ஃபாசெட் (ஏப்ரல் 4, 1868 – ஜூன் 10, 1948) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் கல்வியாளரும் ஆவார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரைப்போஸ் என்னும் கணிதத் தேர்வில், 1890 ஆம் ஆண்டு, ஆண்கள் அனைவரையும் விட அதிக மதிப்பெண் பெற்றவர் இவர். எனினும் முதலிடத்துக்குரிய பட்டப்பெயர் இவருக்கு வழங்கப்படவில்லை.

பிறப்பும் கல்வியும்

இவர் பிரைட்டன் நகரில் பிறந்தார். தந்தை ஹென்றி ஃபாசெட் பொருளியல் பேராசிரியர். இளமையில் ஒரு விபத்தில் பார்வையை இழந்தும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அஞ்சல்துறைத் தலைவராகவும் விளங்கியவர். தாய் மில்லிசெண்ட் ஃபாசெட் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். பிலிப்பா இலண்டனில் பெட்போர்ட் கல்லூரியிலும் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் பயின்ற பின், கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான நியூனம் கல்லூரியில் சேர்ந்தார்.

டிரைப்போஸ் தேர்வு

அக்காலத்தில் டிரைப்போஸ், தேர்வு என்பதை விடப் போட்டியாகவே கருதப்பட்டது. கடினமான கணக்குகளைக் குறித்த நேரத்துக்குள் விரைந்து தீர்ப்பதே அதில் வெற்றிக்கு வழி. இதற்காக மாணவர்கள் தனிப் பயிற்சியாளர்களிடம் பல ஆண்டுகள் பயின்றனர். முதல் வகுப்பில் தேறியோர் ராங்லர் எனவும், அவர்களுள் முதல்வர் சீனியர் ராங்லர் எனவும் அழைக்கப்பட்டனர்.

பெண்கள் இத்தேர்வை எழுத 1881 இல் முறையான அனுமதி கிடைத்தது. ஆயினும் அவர்களுக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. தரவரிசையிலும் அவர்களின் பெயர்கள் சேர்க்கப்படாமல், எந்த இரு ஆண்களுக்கு இடைப்பட்ட நிலையில் உள்ளனர் என்பது மட்டும் தனியே அறிவிக்கப்பட்டது. 1890 இல் ஆண்களின் பட்டியலில் ஜெஃப்ரி பென்னெட் முதலிடம் பெற்றார். பின்னர் பெண்களின் பட்டியல் வாசிக்கப்பட்டபோது, பிலிப்பாவின் நிலை சீனியர் ராங்லருக்கு மேல் என அறிவிக்கப்பட்டது. இரண்டாமிடத்தை விட இவர் 13 விழுக்காடு கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார். உயர்கணிதம் பெண்களின் அறிவுத்திறனுக்கு அப்பாற்பட்டது என்ற அக்காலக் கருத்தை இம்முடிவு வலுவிழக்கச் செய்தது. இச்செய்தி நாளிதழ்களில் பரவலாக வெளிவந்தது.

பிற்கால வாழ்க்கை

இதன்பின் உதவித்தொகை பெற்று, பாய்ம இயக்கவியலில் ஆய்வு செய்தார். நியூனம் கல்லூரியில் விரிவுரையாளராகவும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பணியாற்றினார். 1902 இல் தென்னாப்பிரிக்கா சென்று, டிரான்ஸ்வாலில் போருக்குப் பின் கல்வியைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1905 இல் நாடு திரும்பி, இலண்டன் மாவட்ட மன்றத்தின் கல்வித்துறையில் சேர்ந்தார். அங்கு 1934 இல் ஓய்வு பெறும் வரை பணிபுரிந்தார்.

பெண்களுக்குப் பட்டம்

பெண்களுக்குப் பட்டம் வழங்கும் முன்மொழிவு 1897 இல் கேம்பிரிட்ஜில் பெரும்பான்மை வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. மதிப்பெண் வரிசையில் பெயர்களை வெளியிடும் முறை 1909 ஆம் ஆண்டுத் தேர்வுடன் கைவிடப்பட்டதால், சீனியர் ராங்லர் என்ற அறிவிப்பும் நின்றது. பெண்கள் முழுப் பட்டம் பெறும் உரிமை 1948 இல் நடைமுறைக்கு வந்தது. பிலிப்பா தமது 80 ஆம் அகவையில் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.