கே. ஆர். இராமநாதன்

கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன் (பெப்ரவரி 28, 1893 – டிசம்பர் 31, 1984) இந்திய இயற்பியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். வளிமண்டல ஓசோன், அயனிமண்டலம் ஆகியன குறித்த ஆய்வுகளுக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவர் அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காட்டின் கல்பாத்தியில் பிறந்தார். பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றபின் திருவனந்தபுரத்தில் இயற்பியல் கற்பித்தார். 1921 இல் கொல்கத்தா சென்று ச. வெ. இராமனுடன் இணைந்தார்.

1923 இல் நீர்மங்களில் சூரிய ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, வடிகட்டி முற்றிலும் தடுத்திருக்க வேண்டிய நிறத்தில் மங்கலான ஒளி எஞ்சுவதைக் கண்டார். மாசே காரணம் என ஐயுற்று நீர்மத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மையாக்கியும் அது மறையவில்லை. அதனை வலுக்குறைந்த ஒளிர்வு எனப் பதிவு செய்தார். 1928 இல் அவ்வொளியே இராமன் விளைவு என்று அறியப்பட்டது. புறந்தள்ளத்தக்க சிறு எச்சத்தையும் எழுதிவைக்கும் இப்பழக்கம் இவரது பிற்கால ஆய்வுகளிலும் காணப்படுகிறது.

1925 இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். புவியின் மேலுள்ள மிகக் குளிர்ந்த காற்று துருவங்களுக்கு மேலன்றி, நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 17 கி.மீ. உயரத்தில் உள்ளதென 1929 இல் எடுத்துக்காட்டினார். 1948 இல் அகமதாபாத் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார்.

விண் இரைச்சல் ஆய்வு

பால்வழியிலிருந்து இயற்கையான வானொலி இரைச்சல் இடையறாது புவியை அடைகிறது. அயனிமண்டலத்தைக் கடக்கையில் அதன் ஒரு பகுதி உட்கவரப்படுகிறது. வானின் ஒரே பகுதி நாள்தோறும் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே தலைக்கு மேல் வரும். எனவே அமைதியான நாளின் அளவை, அதே வான்பகுதி உச்சியில் உள்ள மற்றொரு நாளின் அளவுடன் ஒப்பிட்டால் இழப்பு தெரியவரும். அலைபரப்பி தேவையில்லை, நிலையான அலைக்கம்பியும் வாங்கியும் பொறுமையும் போதும். மின்னணுவியல் மாணவர் களைந்தெறியக் கற்கும் இரைச்சலே இங்கு அளவுகோல்.

துருவப் பகுதிகளில் துருவ ஒளி தோன்றும்போது, அதனை உண்டாக்கும் மின்துகள்களுள் ஆற்றல் மிக்கவை சுமார் 90 கி.மீ. உயரம் வரை இறங்கிக் காற்றை அயனியாக்குவதால் இவ்விரைச்சல் வெகுவாகக் குறையும். இதனை அளக்க அலாஸ்காவில் உருவான ரியோமீட்டர் என்னும் கருவி 1959 இல் விவரிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், துருவ ஒளி எட்டாத அகமதாபாத்தில், இராமநாதனும் ஆர். வி. போன்ஸ்லேயும் 25 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் விண் இரைச்சலைப் பதிவு செய்து வந்தனர். அங்கு கிடைத்த விடை வேறு. தாழ்ந்த டி அடுக்கு மட்டுமன்றி, 200 கி.மீ.க்கும் மேலுள்ள எஃப் அடுக்கும் கணிசமான பங்கை உட்கவர்ந்தது.

பொறுப்புகளும் விருதுகளும்

1954 முதல் 1957 வரை பன்னாட்டு நிலவளவை, புவி இயற்பியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். துருவ நிலையங்கள் பலவற்றை இயங்கச் செய்த பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு இவர் தலைவராக இருந்தபோதே சூலை 1957 இல் தொடங்கியது. 1965 இல் பத்ம பூசண், 1976 இல் பத்ம விபூசண் விருதுகளைப் பெற்றார். இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகிய பின்னரும் அகமதாபாத்தில் தகைசால் பேராசிரியராக ஆய்வைத் தொடர்ந்தார்.