மழையிலும் வண்டியை நிறுத்த வழி தேடிய ஹெர்பர்ட் புரூட்

வண்டி ஓட்டுவது ஒரு வித்தை. ஓடுகிற வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்துவது அதைவிடப் பெரிய வித்தை! அந்த வித்தைக்காகவே உழைத்தவர் ஹெர்பர்ட் புரூட்.

இவர் இங்கிலாந்து நாட்டுக்காரர். 1864-ம் ஆண்டில் பிறந்தவர். டெர்பிஷயர் என்ற மலைப்பாங்கான பகுதியில், கோம்ஸ் என்ற சிற்றூரில் வசித்தார்.

பூட்ஸ் பிரேக்!

அங்கே சாலைகள் மேடும் பள்ளமுமாக இருக்கும். பாரம் ஏற்றிய குதிரை வண்டிகள் சரிவில் இறங்கும்போது, சக்கரத்தின் இரும்புப் பட்டையில் ஒரு மரக்கட்டையை அழுத்துவார்கள். அதுதான் பிரேக்.

மழை பெய்தால் ஆபத்து! நனைந்த இரும்பின் மேல் மரக்கட்டை வழுக்கும். வண்டி நிற்காது. குதிரையும் ஆளும் பாரமும் சேர்ந்து உருள வேண்டியதுதான்.

வண்டிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். தேய்ந்துபோன பழைய பூட்ஸைக் கட்டையின் மேல் மாட்டினார்கள். தோல் நன்றாகப் பிடித்தது. ஆனால் சீக்கிரம் தேய்ந்து கிழிந்தது.

புரூட் இதைப் பார்த்தார். யோசித்தார். மெத்தென்ற பொருள் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் உழைப்பதில்லை. கெட்டியான பொருள் நெடுநாள் உழைக்கிறது. ஆனால் ஈரத்தில் வழுக்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பொருள் கிடைக்காதா?

நீர்ச்சக்கரச் சோதனை

1897-ம் ஆண்டில் வேலையைத் தொடங்கினார். வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைதான் அவருடைய சோதனைச்சாலை. நீர்ச்சக்கரத்தின் விசையால் ஓடும் சோதனைப் பொறி ஒன்றை அமைத்தார். நெய்த பட்டைகளைப் பிசின் போன்ற பொருள்களில் ஊறவைத்துக் கெட்டியாக்கினார். நெசவு பிடிப்பைத் தந்தது. பிசின் உறுதியைத் தந்தது. வண்டிகளுக்கு ஏற்ற பிரேக் கட்டை பிறந்தது!

தம் பெயரின் ஆங்கில எழுத்துக்களை மாற்றி அடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து, ‘பெரோடோ’ என்று தம் சரக்குக்குப் பெயர் வைத்தார். பக்கத்தில் உள்ள சேப்பல்-என்-லி-பிரித் என்ற ஊரில் தொழிற்சாலை வளர்ந்தது.

கார் வந்தது

பிறகு மோட்டார் கார்கள் பெருகின. வேகம் கூடியது. பிரேக்கில் சூடும் கூடியது. பருத்திப் பட்டை அந்தச் சூட்டில் கருகியது. 1908-ம் ஆண்டில் புரூட் கல்நாரைப் பயன்படுத்தினார். ஆஸ்பெஸ்டாஸ் என்பது இதுதான். தீயில் எரியாத நார் அது. பிரேக் பட்டை கருகாமல் நெடுநாள் உழைத்தது.

ஆனால் மழைத் தொல்லை முழுவதும் தீரவில்லை. பழைய கார்களில் பிரேக் ஓர் உருளைக்குள் இருக்கும். தேங்கிய நீரில் கார் இறங்கினால் உள்ளே தண்ணீர் புகும். பட்டை நனைந்துவிட்டால் பிடிப்பு குறையும். அதனால் நீரைக் கடந்ததும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் மெதுவாக ஓட்டுவது வழக்கம். உராயும் சூட்டில் ஈரம் காயும், பிடிப்பு திரும்பும்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

புரூட் 1931-ம் ஆண்டில் காலமானார். கல்நார்த் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்று கண்டு, அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு ஆலைகளுக்கு விதிகள் இயற்றியது. நெடுநாள் உழைத்த பொருள், அதைச் செய்தவர்களின் உயிரையே குடித்தது! 1999-ம் ஆண்டில் பிரிட்டன் கல்நாரை அடியோடு தடை செய்தது.

இன்று பழைய கார்களைப் பேணுவோர் கல்நார் இல்லாத பட்டைகளை வாங்கிப் பொருத்தலாம். அவற்றிலும் மெத்தென்றது எது, கெட்டியானது எது என்று பார்த்தே வாங்க வேண்டும். சீக்கிரம் தேய்கிற பட்டையை மாற்றப் பணம் செலவாகும். மழையில் பிடிக்காத பட்டையோ உயிருக்கே உலை வைக்கும். மலைச் சரிவில் பூட்ஸை மாட்டிய ஏழை வண்டிக்காரர்கள் இதை அன்றே அறிந்திருந்தார்கள்!