16 கிராம் எடையில் ஒரு விமானம்

பாரிஸ் நகரத்தின் நடுவில் துய்லரி என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. 1871-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி அங்கே ஒரு சிறு கூட்டம் கூடியது. வந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. மனிதன் ஆகாயத்தில் பறப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்வதற்காக ஏற்பட்ட சங்கத்தின் அங்கத்தினர்கள்.

அவர்கள் முன்னால் 21 வயது வாலிபர் ஒருவர் வந்து நின்றார். அவர் கையில் ஒரு பொம்மை இருந்தது. அரை மீட்டர் நீளத்தில் ஒரு குச்சி. அதன் மேல் ஒரு ஜோடி இறக்கை. பின்னால் ஒரு சிறு வால். வாலுக்கும் பின்னால் ஒரு விசிறி. குச்சியின் அடியில் ஒரு ரப்பர் இழை. அவ்வளவுதான். மொத்த எடை 16 கிராம். அதாவது, இரண்டு பவுன் நகையின் எடை!

வாலிபர் விசிறியைச் சுற்றிச் சுற்றி ரப்பரை முறுக்கேற்றினார். பிறகு கையை விட்டார். பொம்மை பறந்தது. 11 விநாடியில் 40 மீட்டர் தூரம் போயிற்று. முறுக்கு தீர்ந்ததும் குப்புற விழவில்லை. சரிந்து, மெதுவாகத் தரையில் இறங்கியது.

அந்த வாலிபரின் பெயர் அல்போன்ஸ் பெனோ.

கப்பல் கிடைக்கவில்லை

பெனோ 1850-ம் ஆண்டு மே 31-ந் தேதி பாரிஸில் பிறந்தார். தகப்பனார் பிரெஞ்சுக் கடற்படையில் அட்மிரல். மகனும் கப்பலில் போகவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டிருப்பான். ஆனால் சிறு வயதிலேயே இடுப்பு எலும்பில் நோய் வந்துவிட்டது. சரியாக நடக்க முடியாது. கடற்படையில் சேர்த்துக்கொள்வார்களா? அந்தக் கதவு சாத்தப்பட்டது. பெனோவின் கண் ஆகாயத்தின் பக்கம் திரும்பியது.

அது பாரிஸுக்குப் பொல்லாத காலம். 1870-ல் ஜெர்மானியப் படைகள் நகரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டன. வெளியூருக்குக் கடிதம் அனுப்ப ஒரே வழி பலூன்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போகும், திரும்பி வராது. முற்றுகை முடிந்ததும் உள்நாட்டுக் கலகம் மூண்டது. 1871 மே மாதத்தில் துய்லரி அரண்மனை எரிந்து போயிற்று. பெனோ தம் பொம்மையைப் பறக்கவிட்டாரே, அந்தப் பூங்காவின் ஓரத்தில் கரியேறிய சுவர்கள் அப்போதும் நின்றுகொண்டிருந்தன.

வாலில் இருந்த சூட்சுமம்

பொம்மை தானே, இதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். அதற்கு முன்பும் பலர் இறக்கை கட்டினார்கள். பறந்த வேகத்தில் தலைகுப்புற விழுந்தன. பெனோவின் விமானம் ஏன் விழவில்லை?

இறக்கையின் இரு நுனிகளையும் அவர் சற்று மேல்நோக்கி வளைத்தார். பக்கவாட்டில் சாய்ந்தால் விமானம் தானே நிமிர்ந்துகொள்ளும். வாலை இறக்கைக்குச் சரிமட்டமாக வைக்காமல், முன்விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தார். இதனால் காற்று வாலைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். விமானத்தின் மூக்கு கவிழ்ந்தால் வேகம் கூடும். வாலில் அழுத்தம் கூடும். மூக்கு மேலே எழும்பும். மூக்கு அதிகம் எழும்பினால் வேகம் குறையும், அழுத்தம் தளரும், மூக்கு கீழே வரும். உள்ளே ஆள் இல்லை, ஓட்டுகிறவன் இல்லை, விமானம் தன்னைத்தானே திருத்திக்கொண்டு போகிறது! பட்டம் விட்ட பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். வால் சரியில்லாத பட்டம் எப்படிக் கூத்தடிக்கும் என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ரப்பரை இழுத்துக் கட்டாமல் முறுக்கிப் பயன்படுத்தியதும் அவருடைய யுக்திதான். 1870-லேயே இந்த முறுக்கை வைத்து, செங்குத்தாக எழும்பும் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றைச் செய்திருந்தார்.

இன்று சொந்தமாக மாதிரி விமானம் செய்து, ரேடியோ மூலம் ஓட்டி மகிழ்கிறவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் 1937-ல் அப்படி ஒன்றைப் பறக்கவிட்டார்கள். இப்போது ரப்பருக்குப் பதில் பாட்டரி, மோட்டார் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் புதிதாக ஒரு விமானத்தை வரைய உட்காருகிறவர் இறக்கைக்கும் வாலுக்கும் என்ன கோணம் என்று முதலில் கணக்குப் போடுகிறார். அது பெனோ போட்ட கணக்கு.

சவப்பெட்டி

பொம்மையோடு பெனோ நிற்கவில்லை. பால் கோஷோ என்ற மெக்கானிக்குடன் சேர்ந்து, ஆள் ஏறும் விமானம் ஒன்றுக்குத் திட்டம் போட்டார். 1876-ல் அதைப் பேட்டண்டு செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள். உள்ளே மடங்கும் சக்கரங்கள். ஓட்டுகிறவர் தலைக்கு மேல் கண்ணாடிக் கூடு. ஒரே கைப்பிடியால் மேலும் கீழும், இடமும் வலமும் திருப்பலாம். நீரிலும் இறங்கலாம். மோட்டார் கார்கூட ஓடாத காலத்தில் இத்தனையும் காகிதத்தில் வரைந்திருந்தார்!

கட்டுவதற்குப் பணம் வேண்டுமே? யாரும் கொடுக்கவில்லை. அன்றிருந்த நீராவி இயந்திரங்களும் இதற்குத் தாங்காத கனம். கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை. உடம்பு நோயும் படுத்தியது. 1852-ல் நீராவியால் ஓடும் ஆகாயக் கப்பலைப் பறக்கவிட்ட ஹென்றி ஜிபார் பெரிய பணக்காரர். கடைசியில் அவரிடம் போனார் பெனோ. அங்கும் உதவி கிடைக்கவில்லை. பெனோ ஒரு சிறு சவப்பெட்டி செய்து, தம் வரைபடங்களை எல்லாம் அதில் வைத்து, ஜிபார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாராம்.

1880-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது 30.

இரண்டு சிறுவர்கள்

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1878-ல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் வெளியூர் போய்விட்டு வீடு திரும்பினார். பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கி வந்திருந்தார். தக்கை, மூங்கில், காகிதத்தால் ஆனது. ரப்பரை முறுக்கி விட்டால் கூரை வரை எழும்பும். பெனோவின் ஹெலிகாப்டர்தான் அது! பிள்ளைகள் அதற்கு வௌவால் என்று பெயர் வைத்தார்கள். சில நாளில் உடைந்தது. தாங்களே புதிதாகச் செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. ஏன் என்று அவர்களுக்கு அப்போது விளங்கவில்லை. பெரியவனுக்கு 11 வயது. பெயர் வில்பர் ரைட். சின்னவன் ஆர்வில், 7 வயது.

இந்தச் செய்தி எதுவும் பாரிஸில் இருந்த பெனோவுக்குத் தெரியாது.

1903-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, அமெரிக்கக் கடற்கரை மணலில் ஆர்வில் ரைட் விமானத்தில் ஏறிப் பறந்தார். முதல் தடவை அவர் பறந்தது 12 விநாடி. தூரம் 120 அடி, ஏறக்குறைய 37 மீட்டர். பெனோவின் பொம்மை போன தூரத்துக்கு இது இரண்டொரு பாகம் குறைவு. உயிரோடு இருந்திருந்தால் பெனோவுக்கு அன்று 53 வயது.