வழியில் நின்ற நாட்கள்: இப்னு பதூதா (ரஹ்)

ஹிஜ்ரி 725-ஆம் ஆண்டு ரஜப் பிறை 2, அதாவது கி.பி. 1325 ஜூன் 14 அன்று, மொராக்கோ நாட்டின் டாஞ்சியர் நகரிலிருந்து ஓர் இளைஞர் ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியே புறப்பட்டார். துணைக்கு ஒருவரும் இல்லை. சேர்ந்துகொள்ளக் கூட்டமும் இல்லை. பெற்றோர் இருவரும் அப்போது உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிவது அவருக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. அந்த இளைஞரே பின்னர் உலகம் புகழும் பிரயாணியான இப்னு பதூதா.

அன்னார் கண்ட நாடுகளைப் பற்றி எழுதியோர் பலர். அவர் போக முடியாமல் நின்ற நாட்களைப் பற்றி எழுதியோர் சிலரே. நமக்குப் படிப்பினை அந்த நாட்களில்தான் அதிகம் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

திலிம்ஸான் நகரை அவர் அடைந்தபோது தூனிஸ் சுல்தானின் தூதர் இருவர் அங்கிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தனர். அவர்களோடு செல்லுமாறு ஒருவர் யோசனை கூறினார். இளைஞர் உடனே ஓடிவிடவில்லை. இஸ்திகாரா செய்தார், மூன்று இரவுகள் தங்கி வழிக்கு வேண்டியதைச் சேகரித்துக்கொண்டு, பிறகு விரைந்து சென்று அவர்களைப் பிடித்தார். ஆனால் மில்யானாவில் கோடை வெப்பம் தாங்காது தூதர் இருவரும் நோயில் விழுந்தனர். பத்து நாட்கள் காத்திருந்தும் பயனில்லை, ஒருவர் வபாத்தானார். இப்னு பதூதா தூனிஸ் வணிகர் கூட்டத்தோடு வழியைத் தொடர்ந்தார்.

பிஜாயாவில் காய்ச்சல் அவரையே பிடித்தது. குணமாகும் வரை தங்கும்படி உடன் வந்தோர் சொன்னார்கள். மவுத்து எழுதப்பட்டிருந்தால் ஹிஜாஸை முன்னோக்கிய வழியிலேயே வரட்டும் என்று அவர் மறுத்துவிட்டார். அவரது உறுதியைக் கண்ட ஒருவர், வாகனத்தையும் பாரமான சாமான்களையும் விற்றுவிடச் சொல்லி, தம்முடைய வாகனத்தையும் கூடாரத்தையும் இரவலாகக் கொடுத்து உதவினார். பலவீனம் மிகுந்தபோது கீழே விழாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டார்.

தூனிஸில் உடன் வந்தவர்களை வரவேற்க ஊரார் திரண்டு வந்தனர். இவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஸலாம் சொல்லவும் ஆளில்லை. துக்கம் தாளாமல் அழுதுவிட்டார். ஹாஜி ஒருவர் அதைக் கவனித்து அருகில் வந்து ஸலாம் கூறி ஆறுதல் சொன்னார். ஒரு ஸலாம் அன்னிய ஊரில் எவ்வளவு பெரிய தர்மம் என்பதை இங்கே நாம் காண்கிறோம். மதரஸாவில் தங்கி, நோன்புப் பெருநாளையும் அவ்வூரிலேயே கழித்தார். துல்கஃதாவில் ஹிஜாஸ் கூட்டம் புறப்பட்டபோது, அழுத அந்த இளைஞரையே கூட்டத்தார் காஜியாக நியமித்துக்கொண்டனர்.

மிகப் பெரிய தடை ஐதாபில் வந்தது. செங்கடலின் மேல்கரைத் துறைமுகமான அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேற வேண்டும். நைல் வழியில் ஹூ என்னும் ஊரில் ஸாலிஹான ஸையிது ஒருவர், இவ்வழியாக இவருக்கு ஹஜ்ஜு கிடைக்காது, ஷாம் வழியாகவே கிடைக்கும் என்று சொல்லியிருந்தார். அதைக் கேளாமல் பாலைவனம் தாண்டி வந்த அவர், ஐதாபில் மிஸ்ரு அரசின் படைக்கும் பேஜா மக்களின் சுல்தானுக்கும் போர் நடப்பதைக் கண்டார். கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டிருந்தன. கடல் கடக்க வழியில்லை.

மக்காவுக்கு ஒரு கடல் தூரம்தான் இருந்தது. எனினும் அவர் கரையில் அமர்ந்து விதியை நொந்துகொள்ளவில்லை. சேகரித்து வைத்த உணவுப் பொருள்களை விற்றார். வந்த ஒட்டகக்காரர்களோடு திரும்பினார். நைல் நதியில் படகேறிக் கெய்ரோ வந்து, ஓர் இரவு மட்டும் தங்கி ஷாமை நோக்கிச் சென்றார். 726 ரமலான் பிறை 9-ல் திமிஷ்கு வந்து சேர்ந்தார். அந்த ரமலானில் உமையாப் பள்ளியில் பதினான்கு அமர்வுகளில் ஸஹீஹுல் புகாரி முழுவதையும் கேட்டதாகக் குறிப்பிடுகிறார். ஆலிம்கள் பலரிடம் இஜாஸத்துப் பெற்றார். அவர்களில் ஆலிமாக்களான பெண்மணிகளும் உண்டு. அங்கும் காய்ச்சல் வந்தது; கைப்பொருளும் தீர்ந்தது. மாலிகி மத்ஹபின் பேராசிரியர் நூருத்தீன் ஸகாவி அவர்கள் தம் வீட்டில் வைத்துப் பராமரித்து, ஒட்டகமும் உணவும் பணமும் தந்து அனுப்பினார்கள். அவ்வாண்டே ஹஜ்ஜு நிறைவேறியது. ஐதாப் கடல் திறந்திருந்தால் திமிஷ்கின் ரமலான் அவருக்குக் கிடைத்திராது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1342-ல், டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனாவுக்குச் செல்லக் கள்ளிக்கோட்டை வந்தார். காற்று திரும்பும் வரை மூன்று மாதங்கள் காத்திருந்தார். புறப்படும் சமயத்தில், ஜுமுஆத் தொழுகைக்காக அவர் மட்டும் கரையில் நின்றார். புயல் எழுந்தது. காணிக்கைகள் ஏற்றிய பெரிய மரக்கலம் உடைந்து நொறுங்கியது. அவருடைய சாமான்கள் இருந்த சிறிய மரக்கலமோ அவரை விட்டுப் போய்விட்டது. பத்து தீனாரும் விரித்துப் படுக்க ஒரு விரிப்புமே மிச்சம்.

பின்னர் ஹொன்னாவரில் மூன்று மாதங்கள் தங்க நேர்ந்தது. பணியாள் இல்லை; வேலையும் இல்லை. அவர் பள்ளிவாசலைப் பற்றிக்கொண்டார். தினம் ஒரு கத்தம் குர்ஆன் ஓதினார். பிறகு தினம் இரண்டு கத்தம் ஓதினார். அவற்றில் நாற்பது நாட்கள் கல்வத்திலும் இருந்தார். எல்லாம் இழந்தவரின் காத்திருப்பு இது!

நம் தமிழகமும் அவரை நிறுத்தி வைத்தது. இலங்கையிலிருந்து வரும்போது கப்பல் உடைந்து மஅபர் கரையில் ஒதுங்கினார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை முறை. மாலத்தீவுக்குக் கப்பல் போக மூன்று மாதமாகும் என்று கடற்படைத் தலைவர் கூறிவிட்டார். மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்த வேளையில் கடுங்காய்ச்சலும் கண்டது. புளியைக் கரைத்துக் குடித்து, அல்லாஹ்வின் அருளால் குணமடைந்தார்.

இன்று விமானம் சில மணி நேரம் தாமதித்தாலே நாம் நிதானம் இழக்கிறோம். சிலர் தொழுகையையும் தவற விடுகிறோம். தாமதத்துக்கும் மார்க்கம் சட்டம் வகுத்திருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில், வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத்து வைத்தால் கஸ்ரு இல்லை. இன்றோ நாளையோ புறப்படுவோம் என்று எதிர்பார்த்திருப்பவர் பதினெட்டு நாட்கள் வரை கஸ்ரு செய்யலாம். ஹனபி மத்ஹபில் பதினைந்து நாட்கள் தங்க நிய்யத்து வைத்தால் முழுமையாகத் தொழ வேண்டும். நிய்யத்தின்றி நாள் தள்ளிப்போனால் எத்தனை நாளானாலும் கஸ்ருதான். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் சலுகை பிரயாணத்தில் ஷாபிஈகளுக்கு உண்டு. ஹனபிகளுக்கு அரபாவிலும் முஸ்தலிபாவிலும் மட்டுமே. புறப்படுமுன் தத்தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம்.

இப்னு பதூதா 1349-ல் மொராக்கோ திரும்பினார். தந்தை மறைந்து பல்லாண்டுகளாகிவிட்ட செய்தியை வழியிலேயே கேட்டிருந்தார். தாயாரும் கொள்ளைநோயில் வபாத்தாகிவிட்டார். மகனுக்கு ஜியாரத் செய்ய கபுருதான் கிடைத்தது. நீண்ட பிரயாணத்தின் விலை அது. அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதிய நூல் 1355-ல் நிறைவுற்றது. கடைசிக் காலத்தில் தாய்நாட்டிலேயே காஜியாகப் பணியாற்றி மறைந்தார்.

ஆகவே, பிரயாணத்தில் நிற்க நேரும்போது, திறக்காத வழியைப் பார்த்தே நேரத்தைப் போக்காமல், வேறு வழி உண்டா என்று விசாரிப்போம். இல்லையெனில் ஒளுச் செய்துகொண்டு குர்ஆனைத் திறப்போம். அருகில் தனியே அமர்ந்திருப்பவருக்கு ஒரு ஸலாம் சொல்வோம். வீட்டில் காத்திருக்கும் தாய் தந்தையருக்குச் சேதி சொல்லவும் மறவாதிருப்போம். அல்லாஹ் நம் பிரயாணங்களை எளிதாக்கி வைப்பானாக! ஆமீன்.